பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்

போன மாதம் திருச்சியில் ஒரு கேமரா கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். என் அண்ணனின் பழைய லென்ஸுக்குப் பின்பக்க மூடி தொலைந்துவிட்டது, அது கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன். கவுண்டரில் இருந்த பையன் லென்ஸைக் கையில் வாங்கி வளையத்தை இப்படியும் அப்படியும் ஒருமுறை திருப்பினார். "சார், இது மேனுவல். இப்ப யாரும் வாங்க மாட்டாங்க. ஷோகேஸ்ல வெச்சா அழகா இருக்கும்" என்றார். விற்க வரவில்லை தம்பி, இதை மாட்டித்தான் படம் எடுக்கிறேன் என்றேன். என் நரைத்த தலையை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வயசுக்கு ஆட்டோஃபோகஸ்தான் சார் சரி. கண்ணு ஒத்துழைக்காதே!"

மூடியும் கிடைக்கவில்லை.

அன்று இரவே சூடாக எழுத உட்கார்ந்தேன். மகள்தான், "ஒரு வாரம் போகட்டும்பா, அப்புறம் எழுதுங்க" என்றாள். ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபம் அப்படியே இருக்கிறது. சொல்ல வேண்டியது மட்டும் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்திருக்கிறது.

முதலில் லென்ஸின் கதை. அண்ணன் 1981இல் மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தது பென்டாக்ஸ் கே1000 கேமரா. அதோடு வந்தது 50 மி.மீ., எஃப் 2 லென்ஸ். எங்கள் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, என் கல்யாணத்துக்கு மறுநாள் வண்டியேறிய காட்சி, எல்லாம் அந்தக் கண்ணாடி வழியாக வந்தவைதான். ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் போட்டுக்கொண்டு ஒரு ரோலை இரண்டு மாதம் வைத்திருப்பார். ஒரு படம் வீணாகிவிட்டால் அன்று முழுக்க முகம் தொங்கிவிடும்.

அண்ணன் போய் நான்கு வருடம் ஆகிறது. போன வருடம் கும்பகோணத்து வீட்டில் பரணைக் காலி செய்தபோது அண்ணி கேட்டார்: "தம்பி, பழைய பேப்பர்காரர் வந்திருக்கார். இந்தக் கேமராவையும் போட்டுடலாமா? இரும்புதானே?" ஷட்டர் சிக்கிப்போன கேமரா அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இருங்க அண்ணி" என்று பையோடு வாங்கிவந்துவிட்டேன்.

எல்லா வீட்டிலும் இப்படி யாராவது "இருங்க" என்று சொல்வதில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் மறைந்த பிறகு அவர் வீட்டில் இரண்டு நிக்கான் லென்ஸ்கள் எடைக்குப் போயின. அதில் ஒன்று 105 மி.மீ., எஃப் 2.5. அது எப்பேர்ப்பட்ட லென்ஸ் தெரியுமா? பச்சைக் கண்ணும் கிழிந்த சிவப்பு முக்காடுமாக ஓர் ஆப்கான் சிறுமி, 1985 ஜூன் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்தாளே, நினைவிருக்கிறதா? முந்தைய ஆண்டு பெஷாவர் பக்கம் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம். அந்த வகை லென்ஸில் எடுத்ததுதான், கையால் ஃபோகஸ் செய்து. அதை நம் ஊரில் ஈயப் பாத்திரத்தோடு சேர்த்துத் தராசில் வைத்துவிட்டார்கள். நம் சின்ன வயதில் தெருவில் வந்தவர் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமாவது கொடுப்பார்.

அந்தப் பையன் சொன்னதற்கு வருகிறேன். வயதானால் கையால் ஃபோகஸ் செய்ய முடியாது என்கிறார்கள். ஃபிலிம் கேமரா காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். கே1000இன் வியூஃபைண்டரில் நடுவில் நொறுங்கிய கண்ணாடிபோல் மினுக்கும் ஒரு வட்டம் இருக்கும். உருவம் சரியாக விழுந்தால் மினுக்கல் அடங்கிவிடும். சாயங்கால வெளிச்சத்தில் நாற்பது வயதுக்காரருக்கே அது மல்லுக்கட்டுதான். இன்றைய கண்ணாடியில்லாக் கேமராவில் நாம் பார்ப்பது ஒரு சின்னத் திரை. ஒரு பட்டனை அழுத்தினால் பார்க்கிற இடம் பல மடங்கு பெரிதாகிறது. கண்ணிமையை எண்ணலாம். அதுவும் போதாதென்றால், எங்கே விளிம்பு கூர்மையாக விழுகிறதோ அங்கே சிவப்பாகவோ மஞ்சளாகவோ கோடு போட்டுக் காட்டும் 'ஃபோகஸ் பீக்கிங்' என்ற வசதி இருக்கிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்குள் இருப்பது ஒரே தூரத்துக்கு நிறுத்திவைத்த லென்ஸ், அதில் மேனுவலும் கிடையாது ஆட்டோவும் கிடையாது! அப்படிப்பட்ட நானே இருபத்தைந்து வயதில் எடுத்ததைவிட இப்போது கூர்மையாக எடுக்கிறேன்.

கண் ஒத்துழைக்கவில்லை என்று நம் வயதுக்காரர்கள் புலம்புவதில் பாதிக்குமேல் வேறு விஷயம். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு சக்கரம் இருக்கும். பார்ப்பவரின் கண் பவருக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள வேண்டியது. யாருமே அதைத் தொடுவதில்லை, கடைக்காரரும் காட்டுவதில்லை. நான் பொதுப்பணித் துறையில் 33 வருடம் இருந்தவன். கல்லணைக் கால்வாய் ஓரமாக டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்: முதலில் கண்வில்லையைத் திருப்பிக் குறுக்குக் கம்பியைத் தெளிவாக்கு, அப்புறம்தான் ஸ்டாஃபைப் பார். தலையை லேசாக மேலும் கீழும் ஆட்டினால் கம்பி ஸ்டாஃபின்மேல் நகரக் கூடாது. கேமராவிலும் அதேதான். திரையில் இருக்கும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும்வரை அந்தச் சக்கரத்தைத் திருப்புங்கள். கண்ணைக் குறை சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

'புதுக் கேமராவில் பழைய லென்ஸ் எப்படி மாட்டும்?' என்பது அடுத்த கேள்வி. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். அதனால் பென்டாக்ஸில் லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து ஃபிலிம்வரை 45.46 மி.மீ. தூரம். நிக்கானில் 46.5. இப்போது கண்ணாடி போய்விட்டதால் மகள் வாங்கித் தந்த என் சோனி ஏ6000இல் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மிச்சமுள்ள 27 மி.மீ. சொச்சத்தை நிரப்ப ஒரு வெறும் குழாய் போதும். அதைத்தான் அடாப்டர் என்று விற்கிறார்கள். அதற்குள் கண்ணாடி கிடையாது, மின்சாரம் கிடையாது. லென்ஸின் ஒரு துளித் தரமும் குறையாது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற இடத்தில் சம்மதம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸையே காணோம் என்று கேமரா அடம்பிடிக்கும். நான் இரண்டு நாள் இதில் முழித்தேன். சென்சார் சின்னதாக இருப்பதால் 50 மி.மீ. லென்ஸ் 75 போலப் பார்க்கும். ஆள் படத்துக்கு அது இன்னும் நல்லது.

ஒரே ஓர் எச்சரிக்கை. 1977க்கு முந்தைய, மாற்றம் செய்யாத நிக்கான் லென்ஸைப் பல டிஜிட்டல் நிக்கான் எஸ்.எல்.ஆர்.களில் நேரடியாகத் திருகினால் உடம்பில் இருக்கும் சின்ன நெம்புகோல் உடையக்கூடும். அடாப்டர் வழியாகக் கண்ணாடியில்லாக் கேமராவில் போட்டால் அந்தப் பயம் இல்லை.

ஷோகேஸ் கட்சியை விட்டுவிட்டு எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை. பழைய லென்ஸுக்கு 'ஆன்மா' இருக்கிறது, புதியதில் இல்லை என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள்மேலும் எனக்கு வருத்தம்தான். ரஷ்ய ஹெலியோஸ் 44 என்று ஒன்று. ஜெர்மன் பயோட்டாரைப் பின்பற்றிச் செய்தது. ஜெனிட் கேமராவோடு சாதாரண லென்ஸாகக் கூடவே வந்தது. பின்னணி இலைகள் சுழல்வதுபோல் விழும். அன்று அதைக் குறை என்றார்கள், இன்று அதற்காகவே தேடி வாங்குகிறார்கள். வாங்கட்டும், அவரவர் காசு. ஆனால் என் அண்ணனின் லென்ஸ் எஃப் 2இல் ஓரங்களில் மழுமழுவென்றுதான் இருக்கும். சூரியன் எதிரே இருந்தால் படமே வெளுத்துப்போகும். எஃப் 5.6க்கு மூடினால் அருமை. இன்றைய லென்ஸ் இதைவிடக் கூர்மை, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கென்ன கௌரவக் குறைச்சல்? பேரன் சைக்கிளில் பாய்ந்து வரும்போது ஆட்டோஃபோகஸ்தான் போடுகிறேன். வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் அவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்.

நான் சொல்வது அவ்வளவு பெரிய தத்துவம் இல்லை. இது வேலை செய்கிற கருவி, வேலை செய்கிறது. பித்தளையும் அலுமினியமும் கண்ணாடியும் சேர்ந்த பொருள். உள்ளே மோட்டார் கிடையாது, சில்லு கிடையாது. நாற்பது வருடத்தில் கெட்டிப்போனது மரையில் இருந்த கிரீஸ் மட்டும்தான். துடைத்துப் புதிதாகப் போட்டதும் வெண்ணெய்போல் சுற்றுகிறது. இன்றைய பல லென்ஸ்களில் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. உள்ளே மோட்டார் செத்தால் கையால் திருப்பியும் பயனில்லை.

பூஞ்சை ஒன்றுதான் நிஜமான எதிரி. அதை நாமேதான் வளர்க்கிறோம். பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் புடவைக்கு அடியில் வைக்கிறோம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இருட்டு வேறு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? லென்ஸை எடுத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மேல்பூச்சை அரித்திருந்தால் தழும்பு நிற்கும், ஆனாலும் படம் வரும். சுத்தம் செய்தபின் தோல் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். அதைவிட நல்லது, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

செல்போன் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதும், ரேஷன் கார்டைப் படம் எடுக்க. என் செல்போனில் பின்னணியை மங்கலாக்கி அண்ணியை ஒரு படம் எடுத்தேன். தலையில் இருந்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டது. காது மடலில் பாதியைக் காணோம். எது கூந்தல், எது சுவர் என்று அது ஊகிக்கிறது. லென்ஸ் ஊகிப்பதில்லை.

பொங்கலுக்குக் கும்பகோணம் போனபோது அண்ணியை அதே வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தேன். 1982இல் மூத்தவனை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதே தூண், அதே இடம், காலை வெளிச்சம், அதே லென்ஸ். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, வளையத்தைத் திருப்பி, எஃப் 4க்கு மூடி மூன்று படம் எடுத்தேன். திரையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "உங்க அண்ணனா இருந்தா 'அசையாதே, அசையாதே'ன்னு பத்து தடவை அதட்டியிருப்பார். நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலையே தம்பி." பிரிண்ட் போட்டு அனுப்பச் சொன்னார். பழைய படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாயிற்றாம்.

உங்கள் பீரோவில், பரணில், மறைந்தவர்களின் பெட்டியில் லென்ஸ் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த மவுண்ட், எந்த அடாப்டர் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். கையில் எடுத்துக்கொண்டு நேரில் வந்தால் இன்னும் நல்லது, காபி உண்டு. பென்டாக்ஸ் கே மவுண்டுக்கான பின்மூடி யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.