துரைக் குழம்பு முதல் வாரமே தயார்

"கோழியை ஓவனில் ரோஸ்ட் செய்வது எனக்குக் கைவந்துவிட்டது. அதற்கு ஊற்றிக்கொள்ளும் கிரேவிதான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காலை வாருகிறது. ஏதாவது வழி இருந்தால் எழுதுங்களேன்" என்று போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரி பிடித்துக்கொண்டார். பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அதனால் இந்த வாரம் அந்தக் கதைதான்.

நம் வீடுகளில் கிரேவி என்றால் மசாலா போட்டுச் சுண்டவைத்த கோழிப் பிரட்டல். நான் சொல்வது அதுவல்ல. ரோஸ்ட் இறைச்சிக்கு மேல் வெள்ளைக்காரர்கள் ஊற்றிக்கொள்ளும் பழுப்பு நிறக் குழம்பு. கோப்பிக் கடையில் சிக்கன் சாப் கேட்டால் மேலே ஊற்றித் தருகிறார்களே, அதற்கு மூத்த உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதன் பெயர் 'துரைக் குழம்பு'.

பெயர் வைத்தது என் மாமியார். அவருடைய அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். கிறிஸ்துமஸ் அன்று துரையும் விருந்தாளிகளும் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அவர் குழம்பையே கூட்டுவாராம். கோழியை வெட்டிப் பரிமாறுவதற்குள் சுடச்சுடக் குழம்பு போய்ச் சேரவேண்டும். ஆறினால் பேச்சு வாங்கவேண்டும். அந்த வித்தையை மகள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியிருக்கிறார்.

நான் மருமகளாக வந்து இருபத்தாறு வருடம். அத்தனை கிறிஸ்துமஸிலும் இதே காட்சி. எல்லாரும் மேசையில் உட்கார்ந்திருப்போம். கோழி ஓவனிலிருந்து இறங்கியிருக்கும். அத்தை மட்டும் அடுப்பு முன்னால் நின்று, தட்டில் வடிந்த கொழுப்பில் மாவைக் கொட்டிக் கிண்டிக்கொண்டிருப்பார். "நீங்க ஜெபம் பண்ணிச் சாப்பிட ஆரம்பிங்க, இதோ வந்துட்டேன்" என்பார். அவர் வந்து உட்காரும்போது பிள்ளைகள் பாதி சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

முந்தின வருடம் அது விபத்தில் முடிந்தது. எழுபத்தைந்து வயதில், முட்டி வலியோடு, கனமான ஓவன் தட்டைச் சாய்த்தபோது கை நழுவிச் சூடான கொழுப்பு மணிக்கட்டில் கொட்டிவிட்டது. நான் பற்பசையைத் தேடி ஓடினேன். நல்லவேளையாக, தாதியாக வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தார். "ஒன்னும் தடவாதீங்க அக்கா, குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டுங்க" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வருடம் நவம்பரிலேயே பேச்சை எடுத்தேன். "அத்தை, குழம்பை ஒரு வாரம் முன்னாடியே செஞ்சு வச்சிருவோமே?"

"பண்டிகை அன்னிக்குப் பழைய குழம்பா?" முகம் மாறிவிட்டது.

"மீன் குழம்பு மறுநாள்தானே ருசி?"

"மீன் குழம்புல புளி இருக்கு. இதுல என்னா இருக்கு?"

வாயடைத்துப்போனேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. புளிக்குழம்பில் இருக்கும் புளிப்பு கிருமிகளை ஓரளவு மட்டுப்படுத்தும். எலும்புச் சாறும் மாவும் சேர்ந்த இந்தக் குழம்பில் புளிப்பு கிடையாது. நம் ஊர் வெக்கையில் அடுப்பிலேயே மூடி வைத்தால் காலையில் கெட்டுப்போயிருக்கும். கெட்ட வாடை வராமலேயே வயிற்றைக் கெடுக்கவும் செய்யும். ஆகவே முன்கூட்டிச் செய்வதென்றால் இரண்டு விஷயம் கற்கவேண்டியிருந்தது. ஒன்று செய்முறை, மற்றது ஆறவைத்துக் காக்கும் முறை.

செய்முறையைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தாராளமாக வரும்.

பாசாரில் கோழி வெட்டுபவரிடம் முதுகெலும்பு, கழுத்து, இறக்கை எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டு பெரிய வெங்காயம், ஒரு காரட், இரண்டு தண்டு செலரியைப் பெரிதாக நறுக்கி, எலும்போடு தட்டில் பரப்பி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் முக்கால் மணி நேரம் வையுங்கள். நன்றாகச் சிவக்கவேண்டும். குழம்பின் நிறமும் மணமும் இங்கேதான் பிறக்கின்றன. பச்சை எலும்பை அப்படியே வேகவைத்தால் சூப்புதான் கிடைக்கும்.

சிவந்ததை எல்லாம் பானையில் போடுங்கள். தட்டில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுரண்டி அதையும் சேர்த்து, இரண்டு லிட்டர் தண்ணீர், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை போட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். உப்பு வேண்டாம். வடிகட்டினால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலே சாறு நிற்கும். ஆறவைத்து ஐஸ்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் கொழுப்பு மேலே படலமாக உறைந்துவிடும். அதை வழித்தெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

மறுநாள் அந்தக் கொழுப்பில் ஆறு மேசைக்கரண்டி எடுத்துச் சட்டியில் உருக்குங்கள். போதவில்லை என்றால் பட்டர் சேர்க்கலாம். அதில் ஆறு மேசைக்கரண்டி மாவு போட்டுச் சிறு தீயில் கிண்டுங்கள். மாவு என்பது மைதா. பாக்கெட்டில் 'தெப்போங் கண்டும்' என்று எழுதியிருக்குமே, அதுதான். பச்சை வாடை போய் வறுத்த கச்சான் நிறம் வரும்வரை ஐந்தாறு நிமிடம் பொறுமை வேண்டும். பிறகு ஒரு லிட்டர் சாற்றைச் சூடாக்கி, முதலில் ஒரு கரண்டி, கலந்ததும் இன்னொரு கரண்டி என்று ஊற்றிக் கிண்டினால் கட்டி தட்டாது. பத்து நிமிடம் கொதித்ததும் மிளகுத்தூளும், நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி கருப்புக் கிச்சாப்பும் போதும். கிச்சாப் எங்கள் அத்தையின் அப்பா பாடம். துரைக்குக் கடைசிவரை தெரியாதாம்.

இனிக் காக்கும் முறை. பெரிய பானை எலும்புச் சாறோ இறைச்சிக் குழம்போ மெல்ல மெல்ல ஆறும்போது வளரும் கிருமி ஒன்று உண்டு. பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். அதன் வித்துகள் கொதியலிலும் சாகாது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அந்த இடைவெளியைச் சீக்கிரம் தாண்டவேண்டும். முதல் நாள் வடித்த சாறானாலும் சரி, கூட்டி முடித்த குழம்பானாலும் சரி, பானையை ஐஸ் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் இறக்கிக் கிண்டி ஆற்றுங்கள். பிறகு தட்டையான சின்ன டப்பாக்களில் பிரித்து ஊற்றி, அடுப்பை விட்டு இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கீழ்த்தட்டில் மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் மேலே உறையவைக்கும் பகுதியில் வையுங்கள். இரண்டு மாதம் வரை ருசி மாறாது. உறையவைக்கும்போது டப்பாவில் ஒரு விரல் இடம் விடுங்கள், விரிந்து மூடியைத் தள்ளும். சோள மாவில் கூட்டிய குழம்பை மட்டும் உறையவைக்காதீர்கள். உருகும்போது தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

உறைந்த டப்பாவை முந்தின நாள் காலையிலேயே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பண்டிகை அன்று பார்த்தால் கூழ்போல இறுகியிருக்கும். பயப்படாதீர்கள், மாவின் குணம் அது. சூடேறினால் இளகும். கொஞ்சம் வெந்நீர் விட்டு அடித்துக் கலக்கி, தளதளவென்று கொதிக்கவையுங்கள். வெதுவெதுப்போடு நிறுத்தக்கூடாது.

இப்போது உப்பு. ஏன் இதுவரை போடவில்லை என்றால், கோழி ரோஸ்ட் ஆகும்போது தட்டில் வடியும் சாற்றிலேயே உப்பு இருக்கிறது. கோழி இறங்கியதும் கால் மணி நேரம் ஆறவிடுவோம் இல்லையா? அந்த நேரத்தில் தட்டில் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுரண்டிக் குழம்பில் வடிகட்டி ஊற்றவேண்டும். அதன் பிறகே உப்புப் பார்க்கவேண்டும். அன்றைய கோழியின் மணம் அப்போதுதான் குழம்பில் ஏறும். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிடம் அத்தையுடையது. ஒரு வாரம் முன்பே நான் டப்பாக்களை அடுக்கியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று தட்டை நான் சாய்த்துப் பிடித்தேன். அவர் ஊற்றினார், கிண்டினார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். "கிச்சாப் கூட" என்றார். அந்த ஒரு குறை போதும், குழம்பு தேறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் உப்புப் போட்டார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். ஜெபத்தை அவரையே சொல்லச் சொன்னோம்.

சாப்பிடும்போது கேட்டேன், "அத்தை, உங்கப்பா இந்தக் குழம்பைச் சாப்பிட்டிருக்காரா?"

"மேசையிலயா?" என்று சிரித்தார். "எல்லாரும் தூங்கப் போன பெறகு, சட்டியில மிச்சமிருக்கிறத ரொட்டியால வழிச்சு எங்களுக்கு ஊட்டுவாரு. அவரு வாயில வச்சு நான் பார்த்ததில்ல." சொல்லிவிட்டு, ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டைச் சுற்றித் துடைத்தார்.

இந்த வருடம் டப்பாக்கள் ஏற்கெனவே ஐஸ்பெட்டியில் ஏறிவிட்டன. கிச்சாப் ஒன்றரைத் தேக்கரண்டி. திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் முஸ்லிம் அண்டை வீட்டாரை நினைத்து ஹலால் கோழிதான் வாங்கினேன், வைன் எதுவும் சேர்ப்பதில்லை. சைவச் சொந்தங்களுக்குக் காளானும் வெங்காயமும் சிவக்க வறுத்து, அதே அளவு மாவில், பட்டரில் கூட்டி, பெயர் எழுதித் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கடைசிவரை அடுப்பு முன்னால் நிற்கும் ஒருவர் இருப்பார். இந்த வாரக் கடைசியிலேயே எலும்பு வாங்கிவிடுங்கள்.