கைபேசியின் பிராணன்

கைபேசியின் பாட்டரி ஒரு பகற்பொழுதுகூடத் தாங்குவதில்லையென்ற முறையீடு நாட்டில் எங்கும் கேட்கிறது. ரயில் நிலையங்களில் மின்சார பிளக்கைச் சுற்றி ஜனங்கள் கும்பலாகக் குந்தியிருக்கும் காட்சியை நாள்தோறும் காண்கிறோம். வாலிபர்கள் சட்டைப் பையில் ஒரு போனும், அதற்குத் தீனி போடுவதற்காகத் தோள் பையில் ஒரு பவர் பேங்குமாகத் திரிகிறார்கள். போனின் எடையைக் குறைத்துவிட்டோமென்று கம்பெனியார் பெருமை பேசுவது, மொத்தச் சுமையை யார் தூக்குகிறார்களென்பதை மறந்துதான் போலும். இதையெல்லாம் அற்ப விஷயமென்று தள்ளுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

கைபேசி பேசுவதற்கு மட்டும் பயன்பட்ட காலம் போய்விட்டது. 2016-ம் வருஷத்தில் யு.பி.ஐ. முறை ஏற்பட்ட பிறகு அதுவே ஏழையின் பணப்பையாயிற்று. பாங்கிக் கணக்கு, காஸ் சிலிண்டர், ஆதார் அத்தாட்சி முதலிய எதற்கும் ஓ.டி.பி. எண் அதில்தான் வந்து விழ வேண்டும். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் தொழிலாளிக்குப் போன் அணைந்துவிட்டால் அன்றைய பிழைப்பே அணைந்துவிடுகிறது. 2023-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து, நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலியாட்களின் வருகையைக் கைபேசியில் படம் பிடித்து நாளொன்றுக்கு இரு முறை அனுப்ப வேண்டுமென்று மத்திய சர்க்கார் கட்டாயம் செய்தார்கள். ஏரிக்கரையில் நிற்கும் பணித்தளப் பொறுப்பாளரின் போன் பிற்பகலில் பிராணனை விட்டால், வெய்யிலில் மண் வெட்டியவளின் கூலிக்குச் சாட்சி எங்கே? சர்க்காரே ஒரு கருவியைப் பிரஜைகளின் மேல் சுமத்திய பிறகு, அக்கருவியின் யோக்கியதையைப் பற்றி அக்கறை கொள்வது அவர்களுடைய கடமையாகிறது.

பாட்டரி ஏன் தேய்கிறதென்பதைச் சற்று விளக்குவோம். லித்தியம்-அயான் பாட்டரியை முதன் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸோனி கம்பெனி, வருஷம் 1991. இதன் அடிப்படையை அமைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அணுக்கள் மின்னேற்றத்துடன் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று தங்குகின்றன. உபயோகிக்கும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு லித்தியம் வழியிலேயே சிக்கி, தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. நாளடைவில் கொள்ளளவு குறைகிறது. உள்ளே தடை அதிகமாகிறது. முகப்பில் இருபது சதவிகிதம் மீதியென்று காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைவதற்குக் காரணம் இந்தத் தடைதான். மின்சாரம் உள்ளே இருக்கிறது. கேட்ட வேகத்தில் கொடுக்கத்தான் கிழப் பாட்டரியால் முடிவதில்லை.

இந்தத் தேய்வை உஷ்ணம் துரிதப்படுத்துகிறது. 35 டிகிரி ஸெல்ஸியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பாட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடுமென்று ஆப்பிள் கம்பெனியாரே எச்சரித்திருக்கிறார்கள். வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். பனி விழும் தேசத்தாருக்கும் நமக்கும் ஒரே பாட்டரியை விற்கிறார்கள். அது நம் ஊரில் சீக்கிரம் கிழடு தட்டுவதில் ஆச்சரியமென்ன? அன்றியும், டவர் எட்டத்திலிருக்கும் கிராமத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சக்தியை வீணாக்குகிறது. கிராமவாசிக்கு இரட்டை நஷ்டம்.

தேய்வது இயற்கையாயின் கம்பெனிகளின் மேல் என்ன குற்றமென்று கேட்கலாம். தேய்வது குற்றமல்ல, தேய்ந்ததை மாற்ற முடியாமற் செய்ததுதான் குற்றம். 2003-ம் வருஷத்தில் நோக்கியா 1100 என்ற போன் வெளிவந்தது. உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்ற சாமான் அது. அதன் பின்மூடியை நகத்தால் தள்ளிவிட்டுப் பாட்டரியைக் கழற்றலாம்; பெட்டிக்கடையில் வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எந்தக் குழந்தைக்கும் தெரிந்த வித்தை. 2007-ம் வருஷத்தில் அக்கம்பெனியின் 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகளில் சூடேறும் பழுது இருக்கலாமென்று தெரிந்தபோது, பாட்டரியை மட்டும் மாற்றிக் கொடுக்க முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நடந்த நோக்கியா தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் பெண்களுக்கு இந்த அமைப்பின் சௌகரியத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 2007-லேயே வெளிவந்த ஐபோன் பாட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டது. சாம்ஸங் கம்பெனியும் 2015-ம் வருஷத்து காலக்ஸி எஸ்6 போனில் அதே வழியைப் பின்பற்றியது. பிறகு மற்றவர்களைக் கேட்பானேன்! இன்று கண்ணாடியைச் சூடு காட்டிப் பெயர்த்து, பசையைச் சுரண்டித்தான் பாட்டரியை எடுக்க வேண்டியிருக்கிறது.

மூடி வைத்ததன் பலன் 2017-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வெளிப்பட்டது. பழைய பாட்டரியுள்ள ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே மென்பொருள் மூலம் குறைத்துவந்ததாக ஆப்பிள் கம்பெனியார் ஒப்புக்கொண்டார்கள். திடீரென்று அணையாமலிருக்கவே அப்படிச் செய்தோமென்பது அவர்கள் சமாதானம். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால், போன் மந்தமாவது பாட்டரியாலென்று அறிந்தவன் பாட்டரியை மாற்றுவான். அறியாதவன் புதுப் போன் வாங்குவான். கம்பெனியார் மன்னிப்புக் கோரி, பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2020-ல் பிரான்ஸில் இரண்டரைக் கோடி யூரோ அபராதமும் விழுந்தது.

தண்ணீர் புகாமலிருக்கவும் மெல்லியதாயிருக்கவும் ஒட்டித்தானாக வேண்டுமென்பது தொழில் நிபுணர்களின் வாதம். சிறிய இடத்தில் அதிக சக்தியை அடைப்பது எளிதல்லவென்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். 2016-ல் காலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பற்றி, அந்த மாடலே கைவிடப்பட்டதை உலகம் அறியும். ஆயினும் அரை மில்லிமீட்டர் மெல்லியதாக வேண்டுமென்று எந்த விவசாயி மனுப் போட்டான்? 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரமில்லை. ஜெனரேட்டர் இருந்த இடந்தேடிப் போய்ச் சார்ஜ் ஏற்றிவந்த ஜனங்களுக்கு வேண்டியிருந்தது மெல்லிய போனா, கையில் ஒரு மாற்றுப் பாட்டரியா?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். வாங்குவோனே பார்த்து வாங்க வேண்டுமென்பது 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. விலக்குகளும் அதிலேயே உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாட்டரியை எவன் பார்க்க முடியும்? 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பிராதுக்குக் கட்டணமில்லையென்பது மெய்யே. எனினும் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போனுக்காக வாய்தா வாய்தாவாக அலையும்படி எந்தக் கட்சிக்காரருக்கும் யோசனை சொல்ல நமக்கு மனம் வராது. ஆகவே, வழக்கு மன்றத்தை நம்பிப் பயனில்லை. விற்பனைக்கு முன்னரே விதி வேண்டும்.

ஐரோப்பாவில் அத்தகைய விதி 2025 ஜூன் 20-ம் தேதி முதல் அமுலுக்கு வந்தது. புதிதாக விற்பனைக்கு வரும் போனின் பாட்டரி 800 முறை முழுச் சார்ஜ் ஏற்றிய பின்னும் 80 சதவிகிதக் கொள்ளளவுடன் இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரு சார்ஜ் என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல். எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை சார்ஜ் தாங்குமென்பதைச் சீட்டில் அச்சிட வேண்டும். மாடல் நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரிச் சாமான் கிடைக்க வேண்டும். நீர் புகாத போனுக்கும், 1000 சார்ஜுக்குப் பின் 80 சதவிகிதம் நிற்கும் பாட்டரிக்கும் சேர்த்துச் சலுகையும் கொடுத்திருக்கிறார்கள், விதி மூர்க்கமானதல்ல.

நம் நாட்டில் நுகர்வோர் இலாகா 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டியும், பிறகு ஒரு இணையதளமும் அமைத்தது. மற்றொரு கமிட்டி 2025 மே மாதத்தில், எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாமென்பதற்கு ஒவ்வொரு போனுக்கும் மதிப்பெண் கொடுக்கலாமென்று அறிக்கை சமர்ப்பித்தது. மதிப்பெண்ணைக் கம்பெனியாரே போட்டுக்கொள்வார்களாம்! பரீட்சை எழுதியவனே தாளைத் திருத்துவதில் நமக்கு நம்பிக்கையில்லை. 800 சார்ஜ் என்ற அளவை இங்கும் கட்டாயமாக்கி, அதை 40 டிகிரி உஷ்ணத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். அசல் பாட்டரியின் விலையைப் போன் விற்கும் பெட்டியின்மேலேயே அச்சிட வேண்டும். சாதாரண ஸ்குரூ டிரைவரால் திறக்கக்கூடிய போனுக்கு ஜி.எஸ்.டி. வரியில் சலுகை கொடுப்பதையும் யோசிக்கலாம். ஐரோப்பியருக்காக இந்த ஏற்பாடுகளைச் செய்து முடித்த கம்பெனிகள், அதே மாடலை இந்தியாவில் விற்கும்போது செய்ய முடியாதென்று சொல்வதற்கு என்ன காரணம் வைத்திருக்கின்றனவென்பதை இலாகா எழுத்து மூலம் கேட்டு, வந்த பதில்களைப் பிரசுரிக்க வேண்டும்.