பால்மரமும் பசுமைச் சான்றிதழும்

நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். தாத்தா பால்மரம் சீவிய நிலம், அப்பா செம்பனைக் குலை வெட்டிய நிலம், இன்று தாமான் ஆகியிருக்கும். முகப்பில் மேம்பாட்டாளரின் விற்பனைக்கூடம், உள்ளே மாதிரி வீடு, கையில் ஒரு வண்ணக் கையேடு. அதில் 'பசுமைக் கட்டடம்' என்று ஒரு வரி. அது என்ன என்று கேட்டால், "பசுமைச் சாயம், பசுமைக் கல், பசுமைத் தரை" என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போவார்.

35 ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். ஜிபிஐ என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் சாயத்துக்கும் கல்லுக்கும் தரப்படுவதில்லை. கட்டடத்துக்குத்தான் தரப்படுகிறது. பொருள்கள் அதற்கு மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஜிபிஐ எனப்படும் பசுமைக் கட்டடக் குறியீட்டை மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கமும் ஆலோசகப் பொறியியலாளர் சங்கமும் 2009-இல் கொண்டுவந்தன. பள்ளித் தேர்வைப் போலவே இதற்கும் மொத்தம் 100 மதிப்பெண். 50 எடுத்தால் தேர்ச்சி, 66 எடுத்தால் வெள்ளி, 76-க்குத் தங்கம், 86 முதல் பிளாட்டினம். ஆறு பாடங்கள்: எரிசக்திச் சிக்கனம், உட்புறச் சூழல், இடத் திட்டமிடல், பொருள்களும் வளங்களும், தண்ணீர்ச் சிக்கனம், புதுமை. அலுவலகம், பள்ளி போன்ற குடியிருப்பு அல்லாத புதிய கட்டடங்களுக்கான அளவுகோலில் எரிசக்திக்கு 35 மதிப்பெண், பொருள்களுக்கு 11. வீடுகளுக்கான அளவுகோலில் இடத் திட்டமிடலுக்குத்தான் அதிக மதிப்பெண். பேருந்து, ரயில், கடை, பள்ளி ஆகியவை அருகில் இருக்கின்றனவா என்பதும் அதற்குள் அடங்கும்.

11 மதிப்பெண் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். தேர்ச்சிக்கும் வெள்ளிக்கும் இடையே 16 மதிப்பெண்தான் வித்தியாசம். அந்த 11 எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாக எதுவும் இருக்காது.

முதலில், பழையதைத் திரும்பப் பயன்படுத்துதல். மொத்தப் பொருள் செலவில் 2 விழுக்காட்டுக்குப் பழைய பொருள்களைப் பயன்படுத்தினால் ஒரு மதிப்பெண், 5 விழுக்காடு என்றால் இரண்டு. பழைய பலகையைப் பிரித்து ஆணி கழற்றி, கோழிக்கூண்டோ சமையலறைத் தடுப்போ அடித்த தலைமுறை நம்முடையது. இன்று லயங்கள் இடிக்கப்படும்போது, நல்ல தூண்களும் உத்திரங்களும் லாரியில் ஏறிக் குப்பை மேட்டுக்குப் போய்விடுகின்றன. கட்டுமானக் கழிவில் 50 விழுக்காட்டைக் குப்பைக்கு அனுப்பாமல் பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுத்தால் ஒரு மதிப்பெண், 75 விழுக்காடு என்றால் இரண்டு.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழையது எல்லாமே நல்லது அல்ல. பழைய கூரைகளில் அஸ்பெஸ்டாஸ் தகடுகள் இருக்கலாம். அவற்றை உடைத்தாலும் அறுத்தாலும் பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அஸ்பெஸ்டாஸ் கழிவு நம் நாட்டில் தனி விதிமுறைகளின்படி அகற்றப்பட வேண்டிய அட்டவணைக் கழிவு. அதைக் கழற்றி ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போடுவது சிக்கனம் ஆகாது.

இரண்டாவது, தூரம். மூலப்பொருளும் அதன் உற்பத்தியும் கட்டுமான இடத்திலிருந்து 500 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். செலவு அடிப்படையில் 20 விழுக்காட்டுப் பொருள்கள் அப்படி இருந்தால் ஒரு மதிப்பெண். சிரம்பானை நடுவில் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை தீபகற்பம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சரவாக் மரம் வெளியே நிற்கும். இத்தாலியிலிருந்து வரும் சலவைக்கல் எவ்வளவு பளபளத்தாலும் இந்த மதிப்பெண்ணுக்கு உதவாது.

மூன்றாவது, மரம். இங்கேதான் நம் பால்மரம் வருகிறது. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் அந்தக் கட்டை ரப்பர் தாள்களைப் புகைபோடும் கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகத்தான் போனது. அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால், வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். அறுத்த பலகையை உடனே போரான் கரைசலில் அழுத்திப் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தினால் அது நீடித்து நிற்கும் என்று தெரிந்த பிறகு நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மர நாற்காலி மேசைகளில் பெரும்பகுதி ரப்பர் மரம்தான். காட்டு மரத்தை வெட்டாமல், பால் தந்து ஓய்ந்த மரத்தையே பயன்படுத்துவது இதன் சிறப்பு.

ஆனால், ரப்பர் மரம் என்ற பெயருக்கு மட்டும் ஜிபிஐ மதிப்பெண் தராது. பயன்படுத்தும் மரத்தில் 75 விழுக்காட்டுக்கு மலேசிய மரச் சான்றளிப்பு மன்றம் அல்லது எஃப்எஸ்சி சான்று இருக்க வேண்டும். கான்கிரீட் ஊற்ற அடித்துப் பிறகு கழற்றிப் போடும் பலகைகளும் இந்தக் கணக்கில் சேரும். வெட்டிய இடம், அறுத்த ஆலை, விற்ற கடை என்று சங்கிலி அறுபடாமல் ஆவணம் வேண்டும். சிறு ஆலைகள் பல இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

நான்காவது, மறுசுழற்சிச் சேர்மானம். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். எரிபொருளிலிருந்தும் கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறும். அதனால், சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பலையோ இரும்பு உலைக் கசடையோ கலக்கிறார்கள். பழைய இரும்பை உருக்கிச் செய்த கம்பியும் இதில் கணக்காகும். நம் பல்கலைக்கழகங்களில் செம்பனை ஆலைச் சாம்பலைச் சிமெண்டோடும், செம்பனைக் கொட்டை ஓட்டைக் கருங்கல் சல்லிக்குப் பதிலாகவும் கலந்து சோதித்திருக்கிறார்கள்.

வாசம் குறைந்த, ஆவியாகும் இரசாயனம் குறைந்த சாயத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆனால், அது 'உட்புறச் சூழல்' பாடத்தில் வரும். குழந்தை தூங்கும் அறையின் காற்றுக்காக அந்த மதிப்பெண்.

இனி, விற்பனைக்கூடத்தில் என்ன கேட்பது? மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, எந்தச் சான்றிதழ், எந்த நிலை? ஜிபிஐ மட்டுமல்ல, ரெஹ்டா சங்கத்தின் கிரீன்ஆர்இ போன்றவையும் உண்டு. பெயரும் தரநிலையும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். 'மைஹிஜாவ்', சிரிம் சுற்றுச்சூழல் முத்திரை ஆகியவை பொருளுக்குத் தரப்படுபவை. அவற்றைக் காட்டி, வீட்டுக்கே சான்றிதழ் இருப்பதுபோல் பேசினால் ஏற்க வேண்டாம்.

இரண்டு, தற்காலிகச் சான்றிதழா, இறுதிச் சான்றிதழா? ஜிபிஐ முதலில் வரைபடத்தை மதிப்பிட்டுத் தற்காலிகச் சான்று தரும். கட்டி முடித்த பிறகு நேரில் சரிபார்த்துத்தான் இறுதிச் சான்று. அதையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கையேடு அச்சாகும் நேரத்தில் பெரும்பாலும் வரைபடம்தான் இருக்கும்.

மூன்று, மதிப்பெண் எங்கிருந்து வந்தது? கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு உண்டா, மதிய வெயில் எந்தச் சுவரில் விழும் என்று கேளுங்கள். மாதாமாதம் மின்கட்டணத்தில் தெரியப்போவது அதுதான்.

தோட்டத்திலிருந்து இடம் மாறும் பள்ளி வாரியங்களுக்கும் ஆலயக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய மண்டபமோ வகுப்பறையோ கட்டும்போது சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வசதி இல்லாமல் போகலாம். அதற்குக் கட்டணமும் ஆலோசகரும் தேவை. ஆனால், லயத்தை இடிக்கும் நாளைக் குத்தகையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, தச்சர் ஒருவரை அழைத்துப்போய் நல்ல மரத்தைப் பிரித்தெடுக்க ஏற்பாடு செய்யலாம். லாரி வந்து அள்ளிப்போன பிறகு கேட்டுப் பயனில்லை.