உங்கள் நெட்வொர்க் சரியில்லை!

எந்தப் பழியிலிருந்தும் தப்பித்துக்கொள்ள இந்தக் காலத்து மென்பொருள்காரர்கள் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "உங்கள் நெட்வொர்க் சரியில்லை, சார்!" என்பதுதான் அது. அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

சென்ற வருஷம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்துக் கிராமம். அவள் பெண் மேற்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதி, போட்டோவை ஏற்றி, பணம் கட்டும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கம் வெளுத்துப்போயிற்று. மறுபடி உள்ளே நுழைந்து பார்த்தால், எழுதியதில் ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை. பாங்கிலிருந்து மட்டும் செய்தி ஒழுங்காக வந்து சேர்ந்தது, பணம் எடுத்தாகிவிட்டது என்று.

"மாமா, இன்னொரு தடவை கட்டட்டுமா? கட்டினால் ரெண்டு தடவையும் போயிடுமோ?" என்று கேட்டாள். நாவல் எழுதுகிறவனுக்கு இதற்கெல்லாம் பதில் தெரியுமா? கட்டினாள். இரண்டு தடவையும் போயிற்று. விண்ணப்பம் இரவு பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் கட்டிய பணம் திரும்பி வர ஏழு வாரம் ஆயிற்று.

மறுநாள் அந்த நிறுவனத்துக்கு டெலிபோன் செய்தேன். பேசிய இளைஞர் மிகவும் மரியாதையானவர். "எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, சார். உங்கள் நெட்வொர்க்தான் சரியில்லை" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. குளிர்சாதன அறை, புத்தம் புதிய கம்ப்யூட்டர், கண்ணாடி இழை வழியாகப் பாய்ந்து வரும் இணையம். அந்த அறையில் வைத்துப் பரீட்சை செய்தால் எந்தப் பக்கமும் முதல் வகுப்பில் தேறிவிடும். தோணியைக் கோயில் குளத்தில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு, கடலுக்கு அனுப்புகிற காரியம் இது. கவிழ்ந்தால் கடல் சரியில்லையாம்!

இது புதிதாகத் தெரியவந்த விஷயமும் அல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் பீட்டர் டாய்ச் என்ற நிபுணர், இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பிடித்தாட்டும் பிரமைகளை 1990-களிலேயே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். வலைப்பின்னல் ஒருபோதும் கைவிடாது என்று நம்புவது முதல் பிரமை. செய்தி போய்ச் சேர நேரமே பிடிக்காது என்று நம்புவது இரண்டாவது. ஒரு தலைமுறை கடந்தும் இரண்டு பிரமைகளும் சௌக்கியமாக இருக்கின்றன.

மெதுவான இணைப்பு என்றால் குழாய் சிறுத்திருப்பது மட்டும் அல்ல. ஒரு பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன்னால், விலாசம் விசாரிக்க, கை குலுக்க, ரகசியச் சாவியை ஒப்புக்கொள்ள, பிறகு பக்கத்தைக் கேட்க என்று கைபேசிக்கு வழக்கமாக நாலு நடை ஆகிறது. நடைக்கு அரை விநாடி என்றாலே இரண்டு விநாடி போய்விட்டது. வழியில் ஒரு துணுக்குத் தொலைந்துவிட்டாலோ, அனுப்புகிற யந்திரம் பொதுவாக அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இவற்றையெல்லாம்விட மோசமானது, கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துபோவது. என் மருமகளுக்கு நேர்ந்தது அதுதான். மாடியில் நிற்கிறவளுக்கு, போகவே இல்லையா, போய்ச் சேர்ந்து பதில் வரவில்லையா என்று எப்படித் தெரியும்? இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்துவிட்டால், அதே எண் இரண்டாம் முறை வரும்போது பணத்தை மறுபடி எடுக்காமல் பழைய பதிலையே திருப்பி அனுப்பிவிடலாம். தொழில் தெரிந்தவர்கள் வெகு காலமாகச் செய்துவருவதுதான். ஆனால், பொத்தானை அழுத்திய நிமிஷத்தில் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தவனுக்கு அல்லவா இந்த மருந்தின் அவசியம் தெரியும்?

"அந்த மாதிரி இடத்திலிருந்து வருகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர், சார்" என்பார்கள். கணக்கும் காட்டுவார்கள். அந்தக் கணக்குக்கு யூடியூபில் நடந்த கதையே பதில். அங்கே வேலை பார்த்த கிரிஸ் ஸகாரியாஸ், 2012-ல் இதை எழுதியிருக்கிறார். வீடியோ காட்டும் பக்கம் 1.2 மெகாபைட் கனத்திருந்தது. அவர் அதை இழைத்து இழைத்து 100 கிலோபைட்டுக்குள் கொண்டுவந்தார். பரீட்சித்துப் பார்த்தால், பக்கம் வந்து சேரும் சராசரி நேரம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது! மனிதர் திகைத்துப் போனார். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும், பழைய பக்கத்துக்காக 20 நிமிஷம் காத்திருக்க முடியாமல் விலகியே நின்ற ஜனங்கள், இரண்டு நிமிஷத்தில் வருகிறதென்று தெரிந்ததும் திரண்டு வந்திருந்தார்கள். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் எல்லாரும் உள்ளேதான் இருப்பார்கள்.

"இப்போது 5ஜி வந்துவிட்டதே" என்பது அடுத்த சமாதானம். வரட்டும், சந்தோஷம். லிப்டுக்குள்ளும், சுரங்கத்தில் நுழையும் ரயிலிலும், ஆயிரம் பேர் கூடிய கல்யாண மண்டபத்திலும் அது என்ன பாடு படுகிறது என்று பட்டணத்து வாசகர்களுக்கே தெரியும்.

செலவாகும் என்று சொல்லவும் வழியில்லை. குரோம் உலாவியிலேயே இணைப்பை மெதுவாக்கிப் பார்க்கும் வசதி இலவசமாக இருக்கிறது. அது போதாது, சீரான மெதுவு வேறு, விட்டு விட்டு வரும் இணைப்பு வேறு. அதற்கு லினக்ஸில் நெட்எம் என்ற கருவி உண்டு. நூற்றுக்கு இத்தனை துணுக்கைத் தொலைத்துவிடு என்று கட்டளையிட்டால் தொலைத்துக் காட்டும். அதுவும் இலவசம். 2015-ல் ஃபேஸ்புக் கம்பெனி, இந்தியா போன்ற தேசங்களின் கஷ்டம் புரியட்டும் என்று, இஷ்டப்பட்ட சிப்பந்திகள் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் தங்கள் பக்கத்தைப் பார்க்க ஏற்பாடு செய்தது. அவர்களுக்கு அது ஒரு மணி நேர அனுபவம். இங்கே பலருக்கு அன்றாட வாழ்க்கை.

ஆகவே இல்லாதது கருவியும் அல்ல, காசும் அல்ல. தன் அறைக்கு வெளியே ஒரு மாடி உண்டு, அங்கே ஒரு பெண் கையை உயர்த்திச் சிக்னல் தேடிக்கொண்டு நிற்கிறாள் என்ற நினைப்புத்தான் இல்லை.

அடுத்த தடவை யாராவது "உங்கள் நெட்வொர்க் சரியில்லை" என்று உங்களிடம் சொன்னால், கோபித்துக்கொள்ளாதீர்கள். "அது எங்களுக்குத் தெரியும், ஐயா. உங்களுக்கு ஏன் முன்னாலேயே தெரியவில்லை?" என்று மட்டும் கேளுங்கள்.