புறவாசலுக்குக் கல் எதற்கு?

எங்கள் ஊர் மயிலாடியில் கல்லுக்குப் பஞ்சம் கிடையாது. காலையில் கண் விழிப்பதே உளிச் சத்தத்தில்தான். கோயிலுக்குப் போகிற சாமி சிலைகளும், நாற்சந்தியில் நிற்கப் போகிற தலைவர்களும், அம்மியும் ஆட்டுக்கல்லும் பட்டறைகளில் அருகருகே காத்துக் கிடக்கிற ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு கல்லுக்கு விரோதமாக ஒருவன் எழுதினால் அவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதத்தான் போகிறேன். கல்லின் மேல் எனக்குக் கோபமில்லை. கல்லை எங்கே போடுவது என்று தெரியாத மனிதர்கள் மேல்தான் கோபம். அவர்களில் முதல் ஆள் நானே என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் வீட்டுப் புறவாசல் இருபது அடிக்குப் பதினைந்து அடி. முக்கால் சென்ட் கூட வராது. அதில் ஒரு மாமரம் நின்றது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்து மரங்களைச் சாய்த்துப் போட்டபோது அதுவும் விழுந்தது. மரம் போன இடத்தில் வெயில் வந்தது. மழை பெய்தால் சேறு வந்தது. அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டு கறுப்பன் அடுக்களைக்குள் வந்தான். கறுப்பன் எங்கள் நாய். சுத்தமான நாட்டு நாய்.

"இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள் என் மனைவி. மேஸ்திரி வந்தார். புறவாசலை ஒரு தரம் பார்த்தார். "கல்லு ஊருல இருந்துக்கிட்டு என்ன சார் யோசனை? கருங்கல் பலகையைப் பாவிருவோம். பொறவு ஆயுசுக்கும் பெருக்கிவிட்டாப் போதும்" என்றார்.

2019 ஜனவரியில் பாவினோம். வந்தவர்களெல்லாம் புறவாசலை எட்டிப் பார்த்துப் பிரமாதம் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கறுப்பனை மட்டும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

மாசி பிறந்ததும் அவன் பகலில் வெளியே போவதை நிறுத்திக்கொண்டான். வாசற்படியில் நின்று பார்ப்பான். திரும்பி வந்து மேஜைக்கடியில் படுத்துக்கொள்வான். சோம்பேறி ஆகிவிட்டான் என்று நானே பரிகாசம் செய்தேன். சித்திரையில் ஒரு மத்தியானம், மதிலில் ஓடிய அணிலைக் கண்டு தன்னை மறந்து பாய்ந்தான். போன வேகத்தில் நொண்டிக்கொண்டு திரும்பினான். கால்களைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பஞ்சு கொப்பளித்திருந்தது. மருத்துவர் களிம்பு கொடுத்துவிட்டு, மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "வீட்டில் தரை என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வாசகர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உச்சி வெயிலில் உங்கள் புறவாசல் தரையில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியவில்லையென்றால், அந்தத் தரை நாய் நடக்கத் தகுந்தது அல்ல. நமக்குச் செருப்பு இருக்கிறது. வியர்க்க உடம்பு முழுவதும் தோல் இருக்கிறது. நாய்க்கு வியர்வை உள்ளங்காலில்தான் கொஞ்சம் உண்டு. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளுகிறது. அது மண்ணைத் தோண்டிப் படுப்பது குறும்பு என்று நினைக்கிறோம். மேல்மண்ணுக்குக் கீழே குளிர்ச்சி இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தோண்ட முடியாத தரையைப் போட்டுவிட்டு, அதைச் சோம்பேறி என்கிறோம்.

இப்போது நம் வீட்டுப் புறவாசல்களில் மூன்று வகை நாகரிகம் நடக்கிறது. ஒன்று, நான் செய்த கல் தளம். இரண்டாவது பேவர் பிளாக். இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அடியில் பாறைப்பொடியை இறுக இடித்து, இடுக்கையும் பூசிவிட்டுப் போனால் தண்ணீர் எங்கே இறங்கும்? நிழல் பக்கத்தில் பாசி பிடித்து, வயதானவர்கள் வழுக்கி விழுவதுதான் மிச்சம். மூன்றாவது பிளாஸ்டிக் புல். பார்க்கப் பச்சை, வெயிலில் உண்மைப் புல்லைவிட மிக அதிகமாகச் சுடும். உயிருள்ள புல் நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. நாயின் மூத்திரம் அதன் அடியில் தங்கி நாறும்போது, கழுவி மாளாது.

பட்டறையில் சும்மா கிடைக்கிற கல்சில்லைக் கொட்டலாமே என்று சிக்கனக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். ஆற்றுக் கூழாங்கல்லைத் தண்ணீர் உருட்டி உருட்டி மழுக்கியிருக்கிறது. உளி தெறித்த சில்லுக்கோ கத்தி முனை. அதோடு வருகிற தூளில் சிலிக்கா இருக்கிறது. அதைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்ட தொழிலாளிகளின் கதை கல் வேலை நடக்கிற ஊர்களுக்குப் புதிதல்ல. தரையோடு மூக்கை வைத்துத் திரிகிற பிராணிக்கு அந்தத் தூளை விரிக்கலாமா?

நாய்க்காகப் பேசினால் சிலருக்குச் சிரிப்பு வரும். மழைக்காகவும் பேசுகிறேன். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் என் சின்னப் புறவாசலில் மட்டும் ஏறக்குறைய 280 லிட்டர் தண்ணீர் விழுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-இல் கட்டாயமாக்கினார்கள். சட்டத்துக்குப் பயந்து கூரையிலிருந்து ஒரு குழாயை இறக்கிவிட்டு, தானாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மண்ணின் வாயைக் கல்லால் அடைக்கிறோம். பிறகு கிணறு வற்றிவிட்டது என்று விதியை நோகிறோம்.

கல்லைப் பெயர்ப்பதென்று முடிவு செய்தபோது, பக்கத்துப் பட்டறையின் பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கல்லை அவமதிப்பதாக நினைப்பாரோ என்று பயம். "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். அவர் உளியை வைத்துவிட்டுச் சிரித்தார். "இதுல என்ன தப்பு தம்பி? கல்லு நிமிந்து நிக்கதுக்குள்ள சாதனம். அதை வெயில்ல மல்லாத்திப் போட்டா அடுப்புதான்."

அவர் சொன்னதும் எனக்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் ஞாபகம் வந்தது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற ஒரு நாயை அதில் வீரனோடு சேர்த்து வடித்திருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் நாய்க்காகக் கல்லை நிமிர்த்தியவர்களின் வம்சம், இன்று நாயின் காலடியில் கல்லைக் காய வைக்கிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

குறை சொல்லிவிட்டு ஓடிப்போக எனக்கு இஷ்டமில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். கல்லைப் பெயர்த்து, அரை அடி இறுகிய மண்ணையும் கழித்தோம். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து நிரப்பி, வீட்டுச் சுவரிலிருந்து நாலடிக்கு ஓர் அங்குலம் சரிவு விட்டோம். ஜூன் மழை தொடங்கியதும் வயல் வரப்பிலிருந்து அருகம்புல்லைக் கொண்டுவந்து, சாண் இடைவெளியில் கணுக்கணுவாக நட்டோம். காசு செலவில்லை, களை என்று பிடுங்கிப் போட்டதுதானே! இரண்டு மாதம் ஓலைத் தட்டி கட்டிக் கறுப்பனைத் தடுத்து வைத்தோம். மிதித்தாலும் மறுபடி கொடி ஓடித் தழைக்கிற புல் அது. துணி துவைக்கிற இடத்தின் ஈரத்தில் பொடுதலை படர்ந்தது. நிழல் மூலையில் அருகு வராது. அங்கே ஒரு மணல் குழியை விட்டோம், அவன் தோண்டிப் படுக்க. நாய் ரோந்து போகிற மதிலோரத்தில் புல் நிற்காது. அங்கே மட்டும், மதில் நிழலில், பழைய பலகைகளை இடைவிட்டுப் பதித்தோம். கல்லுக்கும் மரியாதை கிடைத்தது. மதிலை ஒட்டி நின்ற அரளியை வெட்டிவிட்டோம். அது நாய்க்கு விஷம்.

மண் தரையில் கொக்கிப்புழு வருமே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். வரும், மறுக்கவில்லை. ஈர மண்ணில் கிடக்கிற நாய் மலத்திலிருந்து அது நம் வெறுங்காலிலும் ஏறும். அதற்கு மருந்து சிமெண்டு அல்ல. மலத்தை அன்றன்றைக்கு அள்ளுவதும், நாய்க்கு மருத்துவர் சொல்கிற கணக்கில் குடற்புழு மருந்து கொடுப்பதும்தான். மூத்திரம் பட்ட இடத்தில் புல் கருகுகிறதா? உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஆக, மண் கேட்பது நாளுக்குக் கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இத்தனை கல்லும் பிளாஸ்டிக்கும்.

2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இங்கே மழை கொட்டித் தீர்த்தது. என் புறவாசலிலிருந்து ஒரு சொட்டும் வழியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தேங்கிய தண்ணீர் மறுநாளே மண்ணுக்குள் போய்விட்டது. சேறு இல்லை. அடுக்களையில் கால் தடமும் இல்லை.

பிள்ளையாரைக் கல்லில் செதுக்குகிற ஊர் இது. அவருக்கு உகந்தது அருகம்புல் என்பது ஊரில் குழந்தைக்குக் கூடத் தெரியும். அவரை வடித்து அனுப்பிவிட்டு, அவருடைய புல்லை வேரோடு பெயர்த்து அவருடைய கல்லை அந்த இடத்தில் பாவுகிறோம். அவர் பொறுத்துக்கொள்வார், பெரிய மனசு. கறுப்பனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கிழவனாகிவிட்ட அவன் இந்த நிமிஷம் மணல் குழியில் புரண்டுகொண்டிருக்கிறான். புறவாசலுக்கு என்ன போடலாம் என்று கேட்க வருகிறவர்களை இனி நான் மேஸ்திரியிடம் அனுப்புவதில்லை. அவனைக் காட்டிவிடுகிறேன்.