கடலுயிர்க் காவலும் மீனவர் வலையும்

2016ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டுக் கரையோரமாக எண்பதுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 1973ஆம் ஆண்டிலும் அப்பகுதியில் 147 ஒதுங்கியதுண்டு. மீனவர் அதிகாரிகளோடு கூடி, உயிருள்ளவற்றைப் படகுகளால் ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றனர். அவை கூட்டத்தைப் பிரியாத இயல்பின. ஆதலின், விடப்பட்டவற்றுட் சில மீண்டும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டன. எனினும், பிழைத்தவற்றைக் காத்ததில் மீனவர்க்குப் பெரும் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

திமிங்கிலத்தையும் ஓங்கிலையும் கொல்லலாகாதென 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும், ஓங்கில்களுக்கு இன்று பெருங்கேடாயிருப்பது வேட்டையன்று; மீனுக்கு விரித்த வலையே. அதனுட் சிக்கியவை மூச்செடுக்க நீர்மேல் வரவியலாது இறக்கின்றன. வலையை அறுப்பின் உயிர் பிழைக்கும்; ஆனால் மீனவன் கடன்பட்டு வாங்கிய முதல் அழியும். ‘அறுத்து விடுக’ என்று கரையில் நின்று உபதேசித்தல் நமக்கு எளிது. அவன் இழப்பிற் பங்குகொள்ளாத இரக்கம் இரக்கமாமோ?

இவ்வாறு வலையை அறுத்து அரிய கடலுயிர்களை விடுவிக்கும் மீனவர்க்கு 25,000 ரூபாய் வரை ஈடளிக்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2018ஆம் ஆண்டில் வகுத்தது. எல்லாக் கடற்கரைகளிலும் அத்தகைய ஈடு காலந்தாழ்த்தாது கிடைக்க வேண்டுமென எழுதவும் பேசவும் கற்றோராகிய நாம் கடமைப்பட்டுள்ளோம். விடுமுறையிற் கரையூர்களுக்குச் செல்லும் மாணவர், போதிக்கத் தொடங்குமுன் அம்மக்கள் கூறுவதைக் கேட்பாராக. கடலை நாடோறும் காண்பவர் அவரேயன்றோ?