"பூச்சுல பாத்துக்கலாம்"னு சொன்னா விட்டுராதீங்க

அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு. மழை ராத்திரியில கொல்லைப்பக்கம் சுத்திக்கிட்டு கக்கூஸ் போக வேண்டாமேன்னு, பழைய வீட்டுச் சுவரை உடைச்சுப் புது அறைக்கு ஒரு வாசல் விட்டோம். அப்பா காலத்துச் சுவர். செங்கல், மண் சாந்து, ஒன்றரைக் கல் கனம். லிண்டலை ஒழுங்காத்தான் வச்சாங்க. ஆனா சம்மட்டி அடிச்ச அடியில கீழே கிடைச்சது வாசல் இல்லை, பொந்து. ஒரு பக்கம் கல் துருத்திக்கிட்டு நிக்குது, எதிர்ப்பக்கம் மூணு விரக்கடை உள்ளே போயிருக்கு.

"பூச்சுல பாத்துக்கலாம்ங்க"ன்னார் கொத்தனார். நானும் தலையாட்டினேன்.

பூச்சுங்கறது சட்டை. எலும்பு முறிஞ்சவனுக்குச் சட்டை மாத்தி என்ன ஆகப்போகுது? ஒரு தடவைக்கு அரை அங்குலம், மிஞ்சினா முக்கால் அங்குலம், அவ்வளவுதான் பூச்சு. ரெண்டு அங்குலத்தை ஒரே மூச்சில் அப்பினா ஈரத்தில் கனம் தாங்காம தொங்கும், காயும்போது சுருங்கி வெடிக்கும். மண் சாந்துச் சுவரில் இது இன்னும் மோசம். மேலே சிமெண்ட் இறுகிப் போகுது, அடியில மண் உதிருது. ரெண்டுக்கும் எப்படி ஒட்டும்?

ஐப்பசி மழையில சுவர் ஊறிச்சு. ஒரு விடியக்காலை, இடுப்பு உயரத்துக்கு ஒரே பத்தையா பெயர்ந்து விழுந்தது. அம்மா அப்பத்தான் அந்த வாசலைத் தாண்டியிருந்தாங்க. இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

மறுபடி வேற ஆளை வச்சுச் செஞ்சோம். முதல்ல லிண்டலிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சுவரின் ரெண்டு முகத்திலும் கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே நீட்டினதைக் கட்டிங் மெஷினால் அறுத்தார். சம்மட்டியைத் தொடவே இல்லை. ஆடின கல்லையெல்லாம் உருவி, மண்ணைச் சுரண்டி, நல்லா தண்ணி தெளிச்சு, திரும்பக் கட்டினார். பள்ளத்தைக் கல்லு சில்லு வச்சு நிரப்பினார். மூலைக்கு மூலை கயிறு பிடிச்சு ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருக்கான்னு பார்த்தார். ரெண்டு நாள் விட்டுத்தான் பூச்சு, அதுவும் மெல்லிசா. அப்புறம் ஏழு நாள் தண்ணி. அதை அம்மாவே ஊத்தினாங்க, யாரையும் விடலை.

கொத்தனாரை மட்டும் திட்டி என்ன பண்ண? பூச்சு வேலையைச் சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசுறோம். உடைச்ச ஓரத்தை நேராக்குற வேலைக்கு அதுல காசே கிடையாது. அப்ப அந்த மனுசன் எதுக்கு ஒரு நாளை இழப்பார்? கரும்புக்குப் பார் கொஞ்சம் கோணினா ஆளை வரப்புல நிக்கவச்சுக் கேள்வி கேட்கிற நாம, வீட்டு வாசல் கோணினா "சரிங்க"ன்னுட்டுப் போறோம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் கூலி. இதைத் தனியாப் பேசிக் கொடுங்க. பூசுறதுக்கு முன்னாடி நீங்களே குண்டு விட்டுப் பாருங்க. கொத்தனார் மூஞ்சி சுளிச்சா சுளிக்கட்டும்.

அடுத்த வாரம் பங்காளி வீட்டில் சுவர் உடைக்கிறாங்க. தூக்குக்குண்டை இப்பவே எடுத்து வச்சிருக்கேன்.